கேத்லீன் உட்கார்ந்த பக்கம்

கேத்லீனுக்கு வாய் நீளம் என்று மலாக்காவில் ரெம்பியா பக்கத்தில் சொல்லாத ஆள் கிடையாது. சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் பத்து பெரண்டாம் என்கிற ஊரில் இருக்கிற ஃபேக்டரியில் ஒரு லைன் முழுக்கப் பெண்களை வைத்து வேலை வாங்கியிருக்க முடியுமா? ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டின தகப்பனுக்குக் கடைசிப் பெண்ணாகப் பிறந்து, படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தாவணி வயசிலேயே மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள். நகத்தைவிடச் சின்னதான சர்க்யூட்டில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து எடுத்துத் தனியே போட்டுவிடுவாள். இப்போது ஐம்பதைத் தாண்டியாயிற்று. சூப்பர்வைசர் ஆகியும் அந்தக் கண் மழுங்கவில்லை. அதனால்தான், பின்னால் நடந்ததை நினைக்க நினைக்க அவளுக்கே தன் மேல் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது.

அவள் புருஷன் கொர்னேலியஸ் அதே ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸின் டிரைவர். ஒருநாள் காலையில் இவள் ஓடி வருவதைப் பார்த்தும் பஸ்ஸை எடுத்துவிட்டார் என்று, மறுநாள் அத்தனை பேர் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். காதல் அங்கேதான் ஆரம்பித்தது என்பாள். "காதலாவது? பயந்துபோய்க் கட்டிக்கிட்டேன்லா," என்பார் அவர். ஒரே பிள்ளை பிரான்க்ளின் ஜோகூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் கோபம் மூக்குக்கு மேல்.

சண்டை வந்தது ஒரு மாத்திரைப் பட்டையால். கொர்னேலியஸுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவருடைய பஸ்கார நண்பர்களோடு கிளேபாங் கடற்கரைக் கடைக்குப் போயிருந்தார்கள். எல்லோரும் இளநீர் ஐஸைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது கேத்லீன், "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். "போட்டாச்சு, போட்டாச்சு," என்றார். இவள் விடுவாளா? கைப்பையிலிருந்து பிரிக்காத பட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள். "அப்ப இது யாரோடதுங்க? கடை மொதலாளியோடதா?"

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொர்னேலியஸ் சிரிக்கவில்லை. வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் சொன்னார்.

"நாலு பேர் முன்னால என் மானத்த வாங்கிட்ட இல்ல? இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், பாத்துக்க."

நம் வீடுகளில் இந்த வார்த்தை எத்தனை தடவை விழுகிறது! மறுநாள் காலைத் தோசைக்கு முன்னால் மறந்தும் போகிறது. ஆனால் மறுநாள் கேத்லீன் எழுந்து பார்த்தபோது அவர் இல்லை. இவள் முகத்தில் விழிக்காமல் இருட்டோடு எழுந்து போய்விட்டார். பஸ் நிறுத்தும் இடத்தில் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஸ்டீயரிங் மேல் சாய்ந்தார். ஆள் ஏற்றுவதற்கு முன்னால் நடந்ததே, அதுவரைக்கும் ஆண்டவர் இரக்கம். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் அவர் கண் திறக்கவில்லை. பிறகு திறந்தார், பேசினார், ஆள் அடையாளம் சொன்னார். இடது கையும் காலும் மட்டும் தூக்க வரவில்லை. ஜெனரல் வார்டுக்கு மாற்றினார்கள். மூலைக் கட்டில். வலப்பக்கம் ஜன்னல். இடப்பக்கம் ஒரு சின்ன அலமாரியும் பிளாஸ்டிக் நாற்காலியும். பெண்டாட்டி எங்கே உட்காருவாள்? துணிமணி, தண்ணீர், தைலம் எல்லாம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான். கொர்னேலியஸின் தங்கை செலஸ்டின் கிளேபாங்கிலிருந்து தினமும் வந்துவிடுவாள். அவளுக்குக் காற்று வேண்டும். ஜன்னல் பக்கம் போய்ச் சாய்ந்து நின்றுகொள்வாள்.

டாக்டர் வந்து என்னென்னவோ விளக்கினார். கேத்லீனுக்குக் காதில் ஏறியது ஒன்றுதான். "பிரஷர் ஏறக்கூடாது. கோபப்படுத்தற மாதிரி எதுவும் வேணாம்." அந்த வார்த்தை அவள் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. யார் முகத்தைப் பார்த்தால் இவருக்குக் கோபம் வரும்? என் முகத்தைப் பார்த்தால்தானே! அதனால் அவருக்கு நேர் எதிரே, கட்டிலின் கால்மாட்டில், அவள் போய் நிற்கவேயில்லை. நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டிலேயே இருந்துகொண்டாள்.

அவரும் திரும்பவில்லை. ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கேத்லீன் எப்போது ஏறிட்டுப் பார்த்தாலும் அவர் முகம் ஜன்னல் பக்கம்தான் இருந்தது. வீட்டிலிருந்து அவருக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்துகொண்டு வந்து, ஆஸ்பத்திரித் தட்டில் தன் பக்கமாக வைத்தாள். அவர் வலப்பக்கம் இருந்த சோற்றையும் கீரையையும் வழித்துத் தின்றார். சம்பலை விரலால்கூடத் தொடவில்லை. தின்று முடித்துவிட்டு செலஸ்டினைப் பார்த்து, "வீட்ல இருந்து ஒன்னும் வரலியா?" என்று கேட்டார். 

"பசிக்குதாங்க?" என்று இவள் கேட்பாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "பசிக்கல," என்று செலஸ்டினிடம் பதில் சொல்வார். "கால் வலிக்குதா?" "இல்ல செலஸ்டின்."

இதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துச் சொல்வது நாம் பார்க்காத கூத்தா? யாரும் இல்லாவிட்டால் பூனையைப் பார்த்தாவது சொல்வான். ஜாடைப் பேச்சு. செலஸ்டினுக்கும் அப்படித்தான் பட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. அண்ணன் தன்னிடம்தானே பேசுகிறார்!

"அண்ணி, சும்மா மன்னிப்பு கேட்டுடுங்கலா," என்றாள் வராந்தாவில். "எத்தன நாளைக்கு இந்த சண்ட?"

கேத்லீன் மன்னிப்புக் கேட்கிற ஜாதியா? ஆனாலும் கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய உணர்வில்லாத இடது கையைத் தடவிக்கொண்டே, "என்னாங்க, அன்னைக்கு நான் பேசினது தப்புதாங்க. மனசுல வச்சுக்காதீங்க," என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவர் நெற்றி சுருங்கியது. எதையோ உற்றுக் கேட்பவர் போல இருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்து, "சரி, விடு," என்றார். அவ்வளவுதான். அதற்கும் முகம் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் செலஸ்டின் பேச்செடுத்தாள். "அண்ணி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. டிஸ்சார்ஜ் ஆனதும் அண்ணன நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். உங்களப் பாத்துப் பாத்து மறுபடியும் பிரஷர் ஏறிடுச்சுன்னா? கொஞ்ச நாளைக்குத்தான்லா."

கேத்லீன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் நீளம் என்று ஊரே சொல்கிற கேத்லீன்! "சரிம்மா, கூட்டிட்டுப் போ," என்றாள். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே சண்டை போட்டு, சமாதானமாகி, சேர்ந்து ஜெபம் சொன்ன மனுஷன் தன்னை வாழ்க்கையிலிருந்தே வழித்துப் போட்டுவிட்டார் என்று முழுசாக நம்பிவிட்டாள்.

மறுநாள் வந்தவள் விஜயராணி. மூளையில் அடிபட்டவர்களைச் சோதித்து, சாப்பிட, உடுத்த, நடமாட மறுபடியும் பழக்கிவிடுகிற தெரப்பிஸ்ட். பத்து பெரண்டாம் தாமான் குடியிருப்பில் வீடு. நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று, தோளில் ஒரு துணிப்பை. கொர்னேலியஸைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு அமைதியான அறைக்குக் கொண்டுபோனாள்.

"ஆன்ட்டி, நீங்களும் வாங்க. அங்கிளுக்குப் பின்னால நின்னு பாருங்க. ஆனா ஒன்னு, எதுவும் எடுத்துக் குடுக்கக் கூடாது. சரியா?"

கேத்லீனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

விஜயராணி ஒரு தாளை நீட்டினாள். நீளமாக ஒரு கோடு. "அங்கிள், இதுக்கு நடுவுல ஒரு கீறல் போடுங்க." கொர்னேலியஸ் பேனாவை வாங்கினார், யோசித்தார், கோட்டின் வலது நுனிக்குக் கொஞ்சம் முன்னால் கீறினார். இன்னொரு தாளில் நட்சத்திரங்கள் இறைந்து கிடந்தன. சின்ன நட்சத்திரத்துக்கு எல்லாம் வட்டம் போட வேண்டும். ரொம்ப கவனமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். வலப்பக்கத்தில் ஒன்றுகூட விடவில்லை. இடப்பக்கத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"முடிஞ்சிச்சா அங்கிள்? ஒன்னும் விட்டுப் போகலியே?"

"முடிஞ்சிச்சு மிஸ். எல்லாத்துக்கும் போட்டாச்சு." பரீட்சையில் முதலாவது வந்த பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் அழகாகத்தான் வந்தது. பன்னிரண்டு எண்களையும் வலது பாதிக்குள்ளேயே நெருக்கியடித்து எழுதினார், திருவிழாக் கூட்ட பஸ்ஸில் ஆள் ஏற்றினது போல. இடது பாதி வெறும் வெள்ளையாகக் கிடந்தது. அவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கேத்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள். மைக்ராஸ்கோப்பில் எத்தனையோ கோளாறு பார்த்தவள். இப்படி ஒரு கோளாறை, அது இருப்பதே தெரியாமல் ஒருத்தர் சிரிக்கிற கோளாறை, அவள் கண்டதில்லை.

"அவருக்குக் கண்ணாடி போடணுமா மிஸ்?" என்று அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

விஜயராணி கோபிக்கவில்லை. "இருங்க ஆன்ட்டி, அதையும் பாத்துடலாம்," என்று அவருக்கு எதிரே உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொன்னாள். வலப்பக்கம் விரலை ஆட்டினாள். "ஆடுது," என்றார். இடப்பக்கம் மட்டும் ஆட்டினாள். கொஞ்சம் தடுமாறி, "ஆடுது," என்றார். இரண்டு பக்கமும் சேர்த்து ஆட்டினாள். "வலது மட்டும் ஆடுது மிஸ்."

மறுபடி ஆட்டினாள். மறுபடியும் வலது மட்டும்தான்.

"பாத்தீங்களா? கண்ணு நல்லாத்தான் இருக்கு. தனியா காட்டுனா இடது பக்கம் தெரியுது. ஆனா வலது பக்கம் ஏதாச்சும் ஒன்னு இருந்துச்சுன்னா, இடது பக்கம் இருக்கறத மூளை எடுத்துக்கவே மாட்டுது. மறைஞ்சு போச்சுன்னுகூட அவருக்குத் தெரியாது. இருந்தாத்தானே மறையறதுக்கு? அவருக்கு அந்தப் பக்கமே இல்ல ஆன்ட்டி. சத்தம்கூட அப்படித்தான். இந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டா அந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்லுவாங்க சில பேரு."

கேத்லீன் வார்டை மனசில் போட்டுப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் செலஸ்டின். அலமாரிப் பக்கம் நான். ஆனால் காயம் பட்ட மனசு அவ்வளவு சீக்கிரம் நம்புமா? தாளும் விரலும் சரி. பெண்டாட்டியும் அப்படி மறைந்துபோவாளா? கண்ணுக்குத் தெரியாவிட்டால் போகட்டும், மனசில் நினைப்பு வர வேண்டாமா? ஒருதரமாவது 'கேத்லீன் எங்கே' என்று கேட்டாரா? அந்தக் கேள்வி அவளை அரித்தது.

விஜயராணி தாள்களை ஓரமாக வைத்தாள். "இப்ப பேனா வேணாம் அங்கிள். கண்ண மூடிக்குங்க. உங்களுக்கு நல்லாப் பழக்கமான இடம் ஒன்னு சொல்லுங்க."

"எங்க எஸ்டேட் கோயிலு மிஸ். சின்ன வயசுல இருந்து போறேன்."

"நான் அந்தக் கோயிலப் பாத்ததே இல்ல. நீங்கதான் எனக்குக் காட்டணும். வாசல்ல நின்னு பலிபீடத்தப் பாக்குறீங்க. ஞாயித்துக்கிழமை, பூசை நேரம், எல்லாரும் வந்துட்டாங்க. என்ன தெரியுது, யாரு யாரு இருக்காங்க, சொல்லுங்க."

ரெம்பியா பக்கத்து எஸ்டேட்டில் இருக்கிற சின்னக் கோயில் அது. டவுன் கோயில்களில் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து உட்கார்கிற காலம் வந்துவிட்டாலும், அங்கே இன்னும் பழைய வழக்கம்தான். உள்ளே நுழைந்தால் வலப்பக்க பெஞ்சுகளில் ஆண்கள், இடப்பக்க பெஞ்சுகளில் பெண்கள். விஜயராணிக்கு அது தெரியாது. கேத்லீனுக்குத் தெரியும்.

கொர்னேலியஸ் கண்ணை மூடிக்கொண்டார். முகம் இளகியது. "வாசல்ல தீர்த்தத் தொட்டி. பக்கத்துல பாவசங்கீர்த்தனப் பெட்டி, அதுல கதவு சரியா சாத்தாது. கடைசி பெஞ்சுல ஆண்ட்ரூ, எப்பவும் தூக்கம்தான். அவனுக்கு முன்னால சவரிமுத்து அண்ணன், அவரு மகன். நடுவுல என் எடம், தூணோரமா. மேல காத்தாடி, கீச்சு கீச்சுன்னு சத்தம் போடும். முன்னால ஹார்மோனியப் பெட்டி. சுவத்துல அந்தோணியாரு சுரூபம்." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றும் தப்பில்லை. கோயிலே அந்த அறைக்குள் வந்துவிட்டது போல இருந்தது. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை.

"அவ்வளவுதானா அங்கிள்? வேற யாரும் இல்லையா? நல்லா சுத்திப் பாருங்க."

அவர் மூடின கண்ணோடு தேடினார். "அவ்வளவுதான் மிஸ். கோயிலு இவ்வளவுதான்."

கேத்லீன் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். நினைப்பிலும் நான் இல்லை! சுவரைப் பிடித்துக்கொண்டாள். கோயிலில்கூட எனக்கு இடம் வைக்கவில்லையே இந்த மனுஷன். கண்ணுக்குத்தான் நோய், மனசுக்குமா நோய் வரும்? போதும், அறையை விட்டுப் போய்விடலாம் என்று கதவுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

விஜயராணி கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். "நல்லா சொன்னீங்க அங்கிள். இப்ப அப்படியே நடந்து போங்க. பலிபீடத்துக்கிட்ட, ஃபாதர் நிக்கிற எடத்துல போய் நில்லுங்க. நின்னுட்டீங்களா? இப்ப திரும்பி வாசலப் பாருங்க. என்ன தெரியுது?"

கொர்னேலியஸ் மூடின கண்ணோடு மோவாயைத் தூக்கினார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அட, பொம்பளைங்க பக்கம்! மாதா சுரூபம் இருக்கு, நீல விளக்கு எரியுது. மொத பெஞ்சுல அன்னம்மா பாட்டி, ஜெபமால. லூர்து அக்கா, அவங்க மருமக, கைக்குழந்த. ரெண்டாவது பெஞ்சு ஓரத்துல என் வீட்டுக்காரி." குரல் தாழ்ந்தது. "வெள்ள முக்காடு போட்டிருக்கா. அங்க உக்காந்துக்கிட்டே எனக்கு ஜாடை காட்டுவா, மிஸ். சட்டை காலர் மடங்கியிருக்கு, சரி பண்ணுங்கன்னு. அவ கண்ணுக்கு ஒன்னும் தப்பாது."

"ஆம்பளைங்க யாரும் வரலியா அங்கிள்?"

"ஆம்பளைங்களா? காணோமே." அவருக்கே வியப்பாக இருந்தது. ஆண்ட்ரூ இல்லை. சவரிமுத்து இல்லை. காற்றாடி இல்லை. தூணோரத்தில் அவருடைய சொந்த இடமே இல்லை. கொஞ்சம் முன்னால் ஒன்று விடாமல் சொன்ன அத்தனையும் போன இடம் தெரியவில்லை.

கேத்லீன் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போயிருந்தது. "ஆண்டவரே," என்று மட்டும் சொன்னாள், அதுவும் சத்தமில்லாமல். கோயில் முழுசாக அவருக்குள் இருக்கிறது. ஒரு பெஞ்சு குறையவில்லை, ஒரு ஆள் குறையவில்லை. அவர் எங்கே நின்றாலும் அவருடைய இடது பக்கம் இருக்கிற பாதி மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை. திரும்பி நின்றால் அது கிடைக்கிறது, இது போய்விடுகிறது. ஒரு மனுஷனுடைய தலைக்குள், ஒரு தேங்காய் அளவு இடத்தில், கோயிலும் ஊரும் பெண்டாட்டியும் இப்படி இடமும் வலமுமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்குமா? நினைப்புக்கும் இடதுகை வலதுகை உண்டா? படைத்தவனே, என்ன வேலை செய்து வைத்திருக்கிறாய்! பயமாக இருந்தது. பயத்துக்குள்ளேயே மண்டியிட்டுக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

விஜயராணியும் பேனாவை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். "எத்தனையோ பேருக்குச் செஞ்சு பாத்திருக்கேன் ஆன்ட்டி," என்றாள் மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் எனக்கு அப்படியே மயிர் கூச்செறியும். பழகவே மாட்டுது."

வராந்தாவுக்கு வந்ததும் கேத்லீன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கடற்கரைச் சண்டை, கேட்டில் சொன்ன சொல், நெத்திலி சம்பல், ஜாடைப் பேச்சு, செலஸ்டினுக்குக் கொடுத்த வாக்கு. விஜயராணி பொறுமையாகக் கேட்டாள்.

"அவரு உங்ககிட்ட பேசாம இருக்கல ஆன்ட்டி. நீங்க உக்காந்த பக்கம் அவருக்கு இன்னும் வந்து சேரல. போய் ஜன்னல் பக்கம் நில்லுங்க. நீங்களே பாருங்க."

வார்டில் செலஸ்டின் வழக்கம்போல ஜன்னலில் சாய்ந்திருந்தாள். கொர்னேலியஸைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கேத்லீன் நாத்தனாரின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்கம்மா," என்று அவள் இடத்தில் போய் நின்றாள்.  முக்காடு இல்லை, தலை கலைந்திருந்தது, ஃபேக்டரிச் சட்டையை மாற்றக்கூட இல்லை.

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் திரண்டு வலக் கன்னத்தில் இறங்கியது.

"எங்கடி போயிருந்தே இத்தன நாளா?"

கேத்லீன் கட்டிலோரமாகக் குனிந்தாள்.

"கோவத்துல நீ வரலன்னு நெனச்சேன்," என்றார். "அன்னைக்கு அப்படிப் பேசிட்டேன்ல? இனி வரவே கூடாதுன்னு நீ முடிவு பண்ணிட்டன்னு நெனச்சேன். உன் கொரலு மட்டும் கேக்கும். செலஸ்டின் ஃபோன ஸ்பீக்கர்ல போட்டுருக்கா போலன்னு இருந்துட்டேன். மன்னிப்பு கேட்ட பாரு, அதையும் ஃபோன்லதான் கேக்குறா, நேர்ல வர மனசு வரலன்னு... கேத்லீன் எங்கன்னு யாருகிட்டயாச்சும் கேக்கலாம்னா வெக்கமா இருந்துச்சு. பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டான்னு வார்டே பேசும்ல?"

"அட பாவி மனுஷா," என்றாள் கேத்லீன். அழுதாள், சிரித்தாள், அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். இரண்டு பேரும் ஒரு முழ இடைவெளியில், ஒருவரை ஒருவர் விட்டுப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கேட்க வெட்கம்!

செலஸ்டின் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணி, நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா சொன்னேனே, அத மறந்துடுங்க," என்று முனகினாள். "அண்ணன் உங்ககூடவே வரட்டும். நீங்க இனிமே இந்தப் பக்கமே இருங்க. நான் அந்த நாற்காலியில உக்காந்துக்கறேன்."

எல்லோருக்கும் அதுதான் சரி என்று பட்டது. கேத்லீனுக்கும் பட்டது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்துவிட்டால் போதும். ஆனால் விஜயராணியின் முகத்தில் ஏதோ இருந்தது. "என்ன மிஸ்?" என்று கேட்டாள்.

"ஒன்னும் அவசரம் இல்ல ஆன்ட்டி. இன்னைக்கு இங்கயே இருந்து பேசுங்க."

"சொல்லுங்க மிஸ். எனக்கு மூடி வச்சுப் பேசினா ஆகாது."

விஜயராணி சொன்னாள். வலப்பக்கம் எல்லாமே கிடைத்துவிட்டால் மூளை அதோடு திருப்தியாகிவிடும், இடது பக்கத்தைத் தேடாது. தேட வைக்க வேண்டும். சாப்பாட்டை, தண்ணீரை, ஆளை, அவருக்கு எது ரொம்ப வேண்டுமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்த வேண்டும். அங்கிருந்து கூப்பிட வேண்டும். "எவ்வளவு திரும்பி வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. சில பேருக்கு நல்லா வந்துடும், சில பேருக்கு கொஞ்சம் நின்னுடும். ஆனா இந்த ஆரம்ப நாள்லதான் நெறைய வரும்."

கேத்லீன் புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் பார்க்கக் கிடைக்காத முகம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. இதை விட்டுவிட்டு, தான் இல்லாமலே போகிற அந்தப் பக்கத்துக்கு மறுபடியும் போகச் சொன்னால் யார் போவாள்? இது தெரியாமல் அங்கே உட்கார்ந்திருந்ததே எவ்வளவு வலித்தது. தெரிந்தே போய் உட்கார வேண்டுமாம்.

அவர் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு கட்டிலைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

கால்மாட்டைத் தாண்டும்வரை அவர் கண் அவளோடு வந்தது. அதற்கப்புறம் அறுந்துபோனது போல நின்றுவிட்டது. முகம் ஜன்னலுக்குத் திரும்பியது. அங்கே செலஸ்டின் இருந்தாள். "கேத்லீன் எங்க? இப்பத்தானே இருந்தா?" என்று பதறினார்.

செலஸ்டின் வாயெடுப்பதற்குள் விஜயராணி அவளைக் கையைப் பிடித்து ஜன்னலை விட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். வலப்பக்கம் காலியானது.

கேத்லீன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டில் கம்பியைத் தட்டினாள். "என்னாங்க. இங்கதான் இருக்கேன். தேடுங்க."

அவர் ஜன்னலில் தேடினார். கூரையில் தேடினார். "தேடுங்கன்னா. அது இல்ல, இந்தப் பக்கம். நான் எங்கயும் போகல." தலை கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது. லைனில் பெண்களை அதட்டுகிற அதே குரலில் அவள் கூப்பிட்டாள், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், அவள் கவலைப்படவில்லை. "கொர்னேலியஸ்! வாங்க இங்க!" கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மோவாய் மெல்ல மெல்லத் திரும்பியது. கண் அலமாரியின் விளிம்புக்கு வந்தது. தண்ணீர்க் குவளைக்கு வந்தது. கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய கைக்கு வந்து, அங்கே இளைப்பாறுகிறது போல நின்று, கையைப் பிடித்துக்கொண்டே ஏறி, தோளுக்கு, கழுத்துக்கு, கடைசியில் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

அவருக்கு மூச்சு வாங்கியது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தவளை நம்ப முடியாமல் பார்த்தார்.

"ஏண்டி, இவ்வளவு தொலைவுலயா உக்காந்திருந்தே?"

"ஆமாங்க," என்றாள் கேத்லீன்.